அனுசுயாவுக்கு வாங்கிய ஆம்பளை டிக்கெட்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கும் அட்வகேட் நவநீதன், பல் தேய்க்கும்போது சுப்ரீம் கோர்ட்டைக் கண்டிப்பார். காப்பி குடிக்கும்போது ஹைகோர்ட். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு பால்கனிக்கு வந்தால் மாநில அரசு. அவருடைய கண்டனத்துக்குத் தப்பித்தது எங்கள் லிஃப்ட் ஒன்றுதான். அது கட்டின நாளிலிருந்து ஒழுங்காக ஓடியதில்லை. அதனாலேயே அதன்மேல் அவருக்குத் தனி மரியாதை. "சும்மா இருக்கறதும் ஒரு நல்ல நிர்வாகம்தான் மேடம்" என்பார், மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டே.

மேடம் என்றால் நான்தான். ராசாத்தி. அவருக்கு நேர் கீழே, இரண்டாவது மாடி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவள். காதில் மாட்டியிருந்த கருவியை ஆபீஸில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். காதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

ஸ்ரீரங்கத்தில் காவேரிக் காற்று எல்லா வீட்டுக்கும் வராது. நவநீதனின் குரல் வரும். "நீதிபதின்னா சட்டத்துல என்ன எழுதியிருக்கோ அதைப் படிக்கணும். அதுக்குப் பின்னால யாரு அழறா, யாரு சிரிக்கிறான்னு எட்டிப் பாக்கறதுக்கு அவரு என்ன பக்கத்து வீட்டுக்காரரா?" இது ஒரு நாள். "ஸ்டே! எதுக்கெடுத்தாலும் ஸ்டே! கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கற மாதிரி தெளிக்கறாங்க." இது மறுநாள். எந்த நீதிபதியாவது தீர்ப்புக்கு நடுவில் ஒரு கவிதையைச் செருகிவிட்டால் போச்சு, அன்றைக்கு அவர் வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்கத் தயங்கும். வெள்ளைக்காரன் எழுதின சட்டம் என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். போன வருஷம் எழுதினது என்றால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

நல்ல காலத்தில் அவர் அரசு வக்கீலாக இருந்தவர். அப்போது அவரிடம் ஒரே ஒரு வாதம்தான் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் தொண்டை கிழியப் பேசி, கண்ணீர் விட்டு, தண்ணீர் குடித்து உட்கார்ந்த பிறகு இவர் எழுந்திருப்பார். "இது அரசின் கொள்கை முடிவு. இதில் நீதிமன்றத்துக்கு வேலையில்லை." அவ்வளவுதான். உட்கார்ந்துவிடுவார். ஜெயித்தும் விடுவார். ஒரே வேட்டியைத் துவைத்துத் துவைத்துக் கட்டுவது மாதிரி அந்த ஒரே வாதத்தை வைத்து அவர் அரண்மனை கட்டினார், யானை வாங்கினார் என்று சொல்ல எனக்கு ஆசை. உண்மையில் ஒரு ஃபிளாட்டும் ஒரு ஸ்கூட்டரும்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு அரசாங்கக் கொள்கை வந்து செருப்பில் கல்லாக மாட்டிக்கொண்டது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்.

"ஓசி!" என்று அவர் கத்தியதில் என் வீட்டு ஜன்னல் கம்பி அதிர்ந்தது. "ஒரு நாட்டோட பாதி ஜனத்தை ஓசியில ஏத்திட்டுப் போனா அது பஸ்ஸா, அன்னதானமா? இதை எதிர்த்து ஒரு ஆம்பளை கேஸ் போடலையே!"

நான் என் பால்கனியிலிருந்து மேலே பார்த்துக் கேட்டேன். "நீங்களே போடலாமே சார்? வீட்டுலயே வக்கீல் இருக்கும்போது வெளியில எதுக்குத் தேடணும்?"

அவர் அரசின் கொள்கை முடிவில் கோர்ட்டுக்கு வேலையில்லை என்று ஊரெல்லாம் சுவர் கட்டிவிட்டு, இப்போது அந்தப் பக்கம் போக வழி தெரியாமல் நிற்கிறார். நான் துணி உலர்த்துகிற சாக்கில் அந்த முகத்தைப் பார்த்து ரசித்தேன். காய்ந்த துணியையே திரும்பக் காயப்போட்டேன்.

நாட்டுக்குச் சட்டம் போட முடியாதவர் வீட்டுக்குப் போட்டார். அவர் மனைவி அனுசுயா இனிமேல் அரசு டவுன் பஸ்ஸில் ஏறவே கூடாது. தனியார் பஸ்ஸில் காசு கொடுத்துத்தான் போக வேண்டும்.

திருச்சியின் தனியார் டவுன் பஸ்ஸைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது நிற்காது, யோசிக்கும். அது யோசிக்கிற அந்த நொடியில் நாம் ஏறிவிட வேண்டும். உள்ளே பாட்டு அலறும். ஒரு காலை வைத்தால் இன்னொரு காலை வைக்க அடுத்த ஸ்டாப் வரவேண்டும். முன்னால் போகிற பஸ்ஸை முந்த வேண்டும் என்று டிரைவர் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டவர் போல ஓட்டுவார். அறுபதைத் தொட்ட, முழங்கால் தேய்ந்த அனுசுயாவை இதில்தான் போகச் சொன்னார் நவநீதன். "போட்டின்னா அதும்மா போட்டி! தன் கால்ல நிக்கற தொழில்!" என்றார். அதில் யாரும் தன் காலில் நிற்க முடியாது, அடுத்தவர் காலில்தான்.

அனுசுயா ஒவ்வொரு புதன்கிழமையும் பாலக்கரைக்குப் போவாள். அங்கே அவளோடு கல்லூரியில் படித்த வஹீதா இருக்கிறாள். அவளுக்கும் முழங்கால். ரெண்டு பேரும் உட்கார்ந்து முழங்காலைப் பற்றிப் பேசுவார்கள், சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் கல்யாணமானதிலிருந்து அவர் கூட்டிப் போன இடத்துக்கு மட்டுமே போய் வந்த அனுசுயாவுக்கு, அந்தப் புதன்கிழமைதான் வாரத்தில் ஒரே கிழமை. மற்றதெல்லாம் சமையல்.

அவள் வீட்டுச் சட்டத்துக்குத் தலையாட்டினாள். புதன்கிழமை கீழே வந்து என்னோடு அரசு பஸ்ஸில் ஏறினாள். "இதுல உக்கார எடம் இருக்கு அக்கா" என்றாள். அதற்குமேல் அவளிடம் விளக்கம் எதுவும் இல்லை.

இப்படியே சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை காவேரிப் பாலத்தில் டிராஃபிக் நின்றுவிட்டது. நாங்கள் ரெண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு தனியார் பஸ் வந்து உரசிக்கொண்டு நின்றது. அதற்குள்ளே, மேல் கம்பியில் தொங்கிக்கொண்டு, ஒரு மூட்டைக்கும் ஒரு வயிற்றுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு, யாரோ ஒரு கல்லூரிப் பையனின் பை மூக்கில் இடிக்க, எங்களையே பார்த்தபடி நின்றார் அட்வகேட் நவநீதன். ஸ்கூட்டர் ரிப்பேராம்.

அனுசுயா கடித்த வெள்ளரிப்பிஞ்சை மடியில் மறைத்தாள். நான் மறைக்கவில்லை. அவரைப் பார்த்துக் கையசைத்தேன். பதிலுக்குக் கையசைத்தால் கீழே விழுந்துவிடுவார், பாவம்.

அன்று ராத்திரி மேல் மாடியில் பெரிய வழக்கு. "என் வீட்டுல இருந்து ஒருத்தி ஓசியில போறாளா? அடுத்த புதன்கிழமை நான் கூட வரேன். காசு குடுத்து உனக்கு டிக்கெட் வாங்கறேன். எவன் வாங்க மாட்டேங்கறான்னு பாக்கறேன்!" அனுசுயா மிக்ஸியைப் போட்டாள். அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. மிக்ஸி கண்டுபிடித்தவரை அன்றைக்கு மட்டும் திட்டினேன்.

புதன்கிழமை வந்தது. வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்ட மடிப்பு, சாட்சி விசாரணைக்குப் போகிற முகம். மூன்று பேரும் ஏறினோம். கண்டக்டர் டோனிக்கு எங்களை நன்றாகத் தெரியும். பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"வாங்க அனுசுயாம்மா! என்ன, இன்னிக்கு சாரையும் கூட்டிட்டு வந்துட்டீங்க! போன வாரம் முழங்கால் எப்படியோ இருக்குன்னீங்களே, தேவலையா?"

நவநீதனுக்கு அதுவே முதல் அடி. "ரெண்டு பாலக்கரை" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணு சார். அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஃப்ரீ டிக்கெட்."

"ஃப்ரீ வேணாம். காசு வாங்கிக்க."

"வாங்கக் கூடாது சார்."

"ஏன்?"

"ஆர்டர் சார்."

"சலுகைன்னா அதை வேணாம்னு சொல்றதுக்கும் உரிமை உண்டுப்பா. அது தெரியுமா உனக்கு?"

டோனி தலையைச் சொறிந்தான். "சலுகை அம்மாவுக்குத்தான சார்? வேணாம்னு அவங்க சொல்லட்டும்."

மொத்த பஸ்ஸும் அனுசுயாவைத் திரும்பிப் பார்த்தது. கீரைக்கட்டுக்காரம்மா பார்த்தாள், ஸ்கூல் டீச்சர்கள் பார்த்தார்கள், யாரோ ஒருத்தியின் இடுப்பில் இருந்த குழந்தையும் பார்த்தது. அனுசுயா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சத்திரம் பஸ் ஸ்டாண்டுல மல்லி வந்திருக்கும்ல அக்கா?" என்றாள் என்னிடம். ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பின்னாலிருந்து ஹாரன். டிரைவர் காத்தான் முன்னாலிருந்து கத்தினார். "டோனி! அங்க என்ன பட்டிமன்றமா? நடுவர் தீர்ப்பு சொன்னா வண்டிய எடுப்பேன்!"

"காசு வாங்காம நான் எறங்க மாட்டேன், உன் வண்டியும் நகராது" என்று படிக்கட்டில் ஒரு காலை வைத்து நின்றார் நவநீதன். சட்டம் ஒழுங்கு, சட்டம் ஒழுங்கு என்று வாழ்நாள் பூராவும் முழங்கியவர் நடுரோட்டில் பஸ் மறியல் செய்கிற அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். எனக்கு ரெண்டுதான், அதிலும் ஒன்றில் புரை.

டோனி பொறுமை இழந்தான். மெஷினைத் தட்டினான். ரெண்டு டிக்கெட் வந்தது. "இந்தாங்க, ரெண்டு ஃபுல். அம்மாவுக்கும் ஆம்பளை டிக்கெட் குடுத்துட்டேன். இப்பத் திருப்தியா?"

பஸ் சிரித்தது. நவநீதன் அந்த டிக்கெட்டை மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கோர்ட்டில் அவருக்குக் கிடைத்த எந்தத் தீர்ப்பையும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் செக்கிங். டிக்கெட் இன்ஸ்பெக்டர்கள் ரெண்டு பேர் ஏறினார்கள். பெண்கள் எல்லாரும் இலவச டிக்கெட்டைக் காட்டினோம். ஆமாம், காசு இல்லாவிட்டாலும் டிக்கெட் உண்டு. எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்று கணக்குக்காகக் கொடுப்பார்கள். அனுசுயா ஒரு முழு டிக்கெட்டைக் காட்டினாள்.

"என்னம்மா இது? உங்களுக்கான டிக்கெட் எங்க?"

"அதுதாங்க எனக்கு."

இன்ஸ்பெக்டர் டோனி பக்கம் திரும்பினார். "யோவ், லேடீஸ்கிட்ட காசு வாங்கினியா?"

"சார், அது வந்து... அந்த சாருதான்..."

"நான்தான் வாங்கச் சொன்னேன்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் நவநீதன். "கொள்கை ரீதியா!"

"உங்க கொள்கை உங்களோட சார். இவன்கிட்ட இருக்கறது கவர்மென்ட் மெஷின்." இன்ஸ்பெக்டர் எழுத ஆரம்பித்தார். நவநீதன் அரசியல் சட்டத்தின் முகவுரையிலிருந்து தொடங்கினார். அவர் அடிப்படை உரிமைகளுக்கு வருவதற்குள் இன்ஸ்பெக்டர் எழுதி, கையெழுத்து வாங்கி, இறங்கியும் போய்விட்டார்.

மறுநாளே டோனியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அரசாணையை மீறிப் பெண் பயணியிடம் கட்டணம் வசூலித்தான் என்பது குற்றச்சாட்டு. விசாரணை முடிகிற வரைக்கும் வேலை இல்லை. குற்றம் உறுதியானால் இந்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வும் போகும், எங்காவது தூரத்து டிப்போவுக்கு மாற்றியும் விடுவார்கள். அவன் மகள் ஜென்சி நர்சிங் படிக்கிறாள். மனைவி இல்லை. அவன் தூரம் போனால் அந்தப் பெண் திருவெறும்பூர் வீட்டில் தனியாக இருக்க வேண்டும்.

டோனி நவநீதனைத் தேடி வந்தான். நான் உடனே கறிவேப்பிலை கேட்டுக்கொண்டு மேலே போனேன். என் வீட்டில் கறிவேப்பிலை மரமே இருக்கிறது, தொட்டியில்.

நவநீதன் சோஃபாவில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு சந்தோஷம். "டோனி, உனக்குத் தண்டனை கெடைக்கணும்னு வேண்டிக்கப்பா!"

டோனி மிரண்டுபோனான். "சார்?"

"தண்டனை கெடைச்சாத்தானே மதுரை ஹைகோர்ட்டுல ரிட் போட முடியும்? இந்த இலவசத் திட்டத்தையே உடைச்சுடலாம். இத்தனை நாளா எனக்கு ஒரு பாதிக்கப்பட்டவன் கெடைக்கலை. விசாரணையில வாயத் தொறக்காத. போடற தண்டனைய வாங்கிக்க. சட்டப் புத்தகத்துல உன் பேரு வரும். டோனி எதிர் தமிழ்நாடு அரசு! எப்படி?"

"என் பேரு சம்பளப் பட்டியல்ல வந்தாப் போதும் சார்."

"பெரிசா யோசிப்பா!"

"எவ்வளவு நாளாகும் சார்?"

"ஒண்ணும் ஆகாது. ரிட், அப்புறம் அப்பீல், அப்புறம் டெல்லி."

டோனி என்னைப் பார்த்தான். ஜென்சிக்குக் கல்யாணமாகி, பேரன் பிறந்து, அந்தப் பேரன் வக்கீலுக்குப் படித்து, இந்தக் கேஸை எடுத்து நடத்துவது அவன் கண்ணில் ஓடியது. என் கண்ணிலும் ஓடியது.

"சார்," என்றேன் நான், "கொள்கை முடிவுல கோர்ட் தலையிடக் கூடாதுன்னுதானே இத்தனை வருஷமா சொன்னீங்க?"

"அதெல்லாம் நல்ல கொள்கை மேடம். இது கெட்ட கொள்கை."

"எது நல்லது எது கெட்டதுன்னு யாரு சொல்றது?"

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான்தான்."

உள்ளே மிக்ஸி நின்றது. அரைக்க எதுவும் இல்லாமலே அது இவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று பின்னால் தெரிந்தது. அனுசுயா வெளியே வந்து என் கையில் கறிவேப்பிலையைத் திணித்தாள். டோனி செருப்பு மாட்டும்போது வாசல் வரைக்கும் போய், தணிந்த குரலில், "விசாரணை என்னிக்குன்னு எனக்குச் சொல்லுங்க தம்பி. அன்னிக்கு பஸ்ல நான் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

விசாரணை நாளன்று போக்குவரத்துக் கழகத்தின் கிளை அலுவலகத்துக்கு நவநீதன் கறுப்பு கவுனோடு வந்தார். அக்னி நட்சத்திர வெயில். கழுத்தில் வெள்ளைப் பட்டை, முகத்தில் வேர்வை அருவி. டோனி வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும், "உன் தரப்புல நான் ஆஜராகறேன், எப்படித் தோக்கணும்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லியிருந்தார். தோற்க வைப்பதற்கென்றே கவுன் மாட்டிக்கொண்டு வந்த வக்கீலை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விசாரணை அதிகாரி பெயர் செந்தமிழன். வாயைத் திறந்தால் 'ப்ரொசீஜர்' தவிர வேறு வார்த்தை வராது. நவநீதனைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றார்.

"நவநீதன் சாரா? உங்க கேஸை வெச்சுத்தான் சார் எங்களுக்கு ட்ரெயினிங்ல பாடமே நடத்தினாங்க!"

நவநீதன் கவுனை இழுத்துவிட்டுக்கொண்டார். "எந்தக் கேஸு?"

"துறை விசாரணையில தொழிலாளி தரப்புக்கு வக்கீல் வரக் கூடாதுன்னு நம்ம பக்கம் வாதாடி ஜெயிச்சீங்களே, அதுதான். ப்ரொசீஜர்படி கூட வேலை பாக்கறவங்க மட்டும்தான் துணைக்கு இருக்கலாம். வெளிய பெஞ்சு இருக்கு சார். உங்களை சாட்சியாக் கூப்பிடுவோம், அப்ப வாங்க."

வெளியே பெஞ்சு இருந்தது. அதற்கு மேலே ஃபேனும் இருந்தது, சுற்றவில்லை. எங்கள் லிஃப்ட்டைப் போல அதுவும் நல்ல நிர்வாகம். நவநீதன் உட்கார்ந்தார். சாட்சியாக வந்திருந்த நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே போனது டோனியும், துணைக்கு டிரைவர் காத்தானும், முதல் சாட்சி அனுசுயாவும். கதவு பாதிக் கதவு. என் காதுக்கு அது கதவே இல்லை.

முதலில் காத்தான் குரல். "சார், அன்னிக்கு அவரு வண்டிய நிறுத்தி வெச்ச நேரத்துல ஒரு கொழந்தை பொறந்து, வளந்து, டிக்கெட் வாங்கற வயசுக்கே வந்திருக்கும்!" பிறகு செந்தமிழன்.

"அம்மா, கண்டக்டர் உங்ககிட்ட காசு கேட்டாரா?"

"இல்லைங்க. ஃப்ரீ, ஃப்ரீன்னு தொண்டை வறளச் சொன்னாரு."

"அப்ப காசு குடுத்தது?"

"எங்க வீட்டுக்காரரு."

"உங்களுக்கு இலவச டிக்கெட் வேணுமா, வேணாமா? அதை நீங்க சொன்னீங்களா?"

பெஞ்சில் நவநீதன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேணும்ங்க" என்றாள் அனுசுயா. "தம்பி என்னைக் கேட்டப்பவே சொல்லியிருக்கணும். வாய மூடிட்டு ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்துட்டேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவருக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்காது. எனக்கு அந்த டிக்கெட் வேணும். எழுதிக்கங்க."

"உங்க கணவர் ஏன் வேணாம்னாரு?"

"அவருக்கு இலவசம்னா ஆகாதுங்க."

"எந்த இலவசமுமா?"

"வீட்டுல நான் செய்யறதைத் தவிர."

உள்ளே யாரோ இருமினார்கள். "அம்மா, அதையும் எழுதணுமா?"

"எழுதுங்க. பெரிய எழுத்தா எழுதுங்க."

"அப்ஜெக்ஷன்!" என்று பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார் நவநீதன். கவுன் பெஞ்சின் ஆணியில் மாட்டி 'டர்'ரென்று கிழிந்தது.

"பெஞ்சுல இருக்கறவங்களுக்கு அப்ஜெக்ஷன் கெடையாது சார், ப்ரொசீஜர்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "சரி, அடுத்து நீங்களே வாங்க."

கிழிந்த கவுனோடு உள்ளே போனார். நான் எழுந்து போய்க் கதவோரம் நின்றேன். இதற்குமேல் உட்கார்ந்து கேட்க என்னால் முடியவில்லை.

"சார், ஒரே கேள்வி. பெண் பயணிக்குக் காசு வாங்கச் சொல்லி நீங்க கண்டக்டரைக் கட்டாயப்படுத்தினீங்களா?"

"அதாவது, நான் அவருக்குச் சட்ட நிலையை விளக்கினேன். கட்டாயம் என்ற சொல்லை நாம்..."

"ஆமா, இல்லை. ரெண்டுல ஒண்ணு சார். சாட்சிகளை நீங்க அப்படித்தான் கேப்பீங்கன்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க."

நவநீதன் முழித்தார். 'இல்லை' என்று சொன்னால் டோனிக்குத் தண்டனை நிச்சயம். இவருக்கு மதுரை, டெல்லி, சட்டப் புத்தகம் எல்லாம் நிச்சயம். 'ஆமா' என்று சொன்னால், நாட்டில் ஒழுங்கு கெட்டுப்போச்சு என்று நாலு ஊருக்குக் கேட்கக் கத்துகிறவர், ஒரு அரசு ஊழியரை அரசாணைப்படி வேலை செய்யவிடாமல் தடுத்தார் என்று அவர் வாயாலேயே பதிவாகும்.

"இல்லைன்னா இல்லைன்னே எழுதிடறேன் சார்" என்றார் செந்தமிழன், பேனாவை எடுத்துக்கொண்டு. "அப்ப அம்மா குடுத்தது பொய்ச் சாட்சின்னு ஆகும். அதுக்குத் தனி ப்ரொசீஜர் இருக்கு."

டோனி தரையைப் பார்த்தான். அனுசுயா இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை. நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வேர்வையைத் துடைத்தார். பட்டையைத் தளர்த்தினார். எச்சில் விழுங்கிய சத்தம் சத்தியமாக எனக்குக் கேட்டது.

"ஆமா" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் பேசியதிலேயே சின்ன வாதம் அதுதான். ஒரு மனுஷனுக்கு உபயோகமானதும் அது ஒன்றுதான். பாராட்டலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். உடனே அவர், "ஆனா இந்தத் திட்டம் அடிப்படையிலேயே..." என்று ஆரம்பித்துவிட்டார். பாராட்டை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

"திட்டத்தைப் பத்தி இங்க பேச முடியாது சார்" என்று பேனாவை மூடினார் செந்தமிழன். "அது கொள்கை முடிவு."

டோனிக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். நாளையிலிருந்து வேலைக்கு வரலாம், இதே வண்டிக்கு. அவன் ஜென்சிக்குப் போன் போட்டுவிட்டுப் பேச முடியாமல் நின்றான். காத்தான்தான் அந்தப் போனை வாங்கி, "உங்கப்பா ஆனந்தத்துல ஊமையாயிட்டான் பாப்பா, அப்புறம் கூப்பிடுவான்" என்றார். கடைசியாக ஒரு ப்ரொசீஜர் பாக்கி இருந்தது. பெண் பயணியிடம் தவறாக வசூலித்த டிக்கெட் காசைத் திருப்பித் தர வேண்டுமாம். செந்தமிழன் அந்தச் சில்லறையை அனுசுயாவின் கையில் எண்ணி வைத்தார்.

"குடுத்தது நான்" என்றார் நவநீதன்.

"பயணி அவங்க சார்" என்றார் செந்தமிழன்.

வெளியே வந்ததும் அரசு பஸ் வந்தது. நவநீதன் ஏற மறுத்துவிட்டார். அவர் தன்மானத்துக்குத் தனியார் பஸ்தான் சரி என்று கிழிந்த கவுனைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஏறினோம். எனக்கும் அனுசுயாவுக்கும் இலவசம். எங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்று டோனியும் கூடவே வந்தான். சத்திரத்தில் பஸ் நின்றபோது அனுசுயா ஜன்னல் வழியாகவே அந்தச் சில்லறையைக் கொடுத்து வெள்ளரிப்பிஞ்சு வாங்கினாள். மிளகாய்ப்பொடி தனிப் பொட்டலம்.

காவேரிப் பாலத்தில் வழக்கம்போல டிராஃபிக். வழக்கம்போல ஒரு தனியார் பஸ் எங்களை முந்தப் பார்த்து, முடியாமல், பக்கத்தில் வந்து நசுங்கி நின்றது. உள்ளே பாட்டு அலறியது. கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தார் நவநீதன். கவுன் யார் தலையிலோ கிடந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

அனுசுயா இந்தத் தடவை எதையும் மடியில் மறைக்கவில்லை. ஒரு வெள்ளரிப்பிஞ்சை எடுத்து ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினாள். அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தொண்டை வறட்சி ஜெயித்தது. கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கடித்தார்.

"மொளகாப்பொடி போடலையா?" என்றார்.

"சார், ஓசியில வாங்கிட்டு கேள்வி வேறயா!" என்று டோனி கத்தியதில் ரெண்டு பஸ்ஸும் சிரித்தது.

அனுசுயா பொட்டலத்தைப் பிரித்து, எனக்கும் டோனிக்கும் தனக்கும் தாராளமாகத் தூவினாள். மீதியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எங்கள் பஸ் முதலில் நகர்ந்தது. அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்து அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

"கெடையாது. கொள்கை முடிவு!"